ஜப்பானில் அக்கம்பக்கத்தோடு ஒன்றுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலருக்கு முதல் ஒன்றிரண்டு வருடங்கள் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன. காலையில் ரயில், இரவில் ரயில், ஞாயிற்றுக்கிழமை தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் போய் மளிகை வாங்கிக்கொண்டு நம் ஆட்களைப் பார்த்துவிட்டு வருவது. பொங்கலும் தீபாவளியும் குறைவில்லாமல் நடக்கின்றன. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவரின் பெயர் தெரியாது. "இவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அது அவசரத்தில் எடுக்கும் முடிவு. நம் ஊரில் முதலில் பேசிப் பழகுவோம், டீ குடிப்போம், அப்புறம் ஒருவருக்கொருவர் ஒத்தாசை செய்வோம். இங்கே பெரும்பாலும் தலைகீழ். முதலில் சேர்ந்து புல் வெட்டுகிறார்கள், நாற்காலி அடுக்குகிறார்கள், கூடாரம் கட்டுகிறார்கள். பழக்கம் அதன் பின்னால் மெதுவாக வருகிறது. ஆகவே யாராவது வந்து பேசுவார்கள் என்று காத்திருப்பவருக்கு இங்கே எதுவும் நடக்காது. "எனக்கும் ஒரு வேலை கொடுங்கள்" என்று போய் நிற்பவருக்கு, அரைகுறை மொழியோடு இருந்தாலும், இடம் கிடைக்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

2024 இறுதிக் கணக்கின்படி ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்துக்கும் மேல். இந்தியர் மட்டும் 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். நீங்கள் போய்ச் சேரும் தெருவில் நீங்களே முதல் வெளிநாட்டவராக இருப்பது இப்போது அரிது. அது ஒரு வகையில் வசதி. முன்னால் போனவர் நன்றாக நடந்துகொண்டிருந்தால் உங்களுக்கும் பாதை எளிது.

குடிபோன முதல் வாரம்

வீடு மாறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அல்லது வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியப் போகும் அன்றே மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பை நாட்காட்டி, பேரிடர் வரைபடம், "கோஹோ" எனப்படும் நகராட்சிச் செய்தி இதழ். முதல் இரண்டும் பல ஊர்களில் ஆங்கிலத்திலும் கிடைக்கும். கோஹோ பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், இருந்தாலும் விடாதீர்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, பக்கத்து வீடுகளுக்குப் போய் ஒரு வணக்கம் சொல்வது. எதிரே மூன்று வீடு, இருபுறமும் ஒவ்வொரு வீடு என்பது பழைய கணக்கு. அடுக்குமாடி என்றால் இரு பக்கமும், மேலேயும் கீழேயும் போனால் போதும். நகரங்களில் இந்த வழக்கம் குறைந்துகொண்டு வருகிறது. தனியாக வசிக்கும் பெண்கள் பாதுகாப்பு கருதிப் போகாமலே இருப்பதும் உண்டு, அதில் தவறில்லை. மற்றவர்கள் போவது நல்லது என்றே சொல்வேன். குழந்தை ஓடும் சத்தமும் தாளிக்கும் வாசனையும் பின்னால் எப்படியும் அவர்களை எட்டும். அதற்கு முன்னால் முகம் தெரிந்திருந்தால் புகார் வீட்டு நிர்வாக நிறுவனத்துக்குப் போகாது, நேரே உங்களிடம் வரும்.

சனி அல்லது ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் போங்கள். கையில் 500 முதல் 1,000 யென்னுக்குள் ஒரு சிறு பொருள்: கைத்துண்டு, சலவைத்தூள், உணவைச் சுற்றி மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், கடையில் பொட்டலம் கட்டிய பிஸ்கட். வீட்டில் செய்த முறுக்கும் லட்டும் முதல் நாளே வேண்டாம். ஒவ்வாமை இருக்குமோ, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவர்கள் சங்கடப்படுவார்கள். "தொனாரி நி ஹிக்கோஷிதே கிமாஷ்தா. யோரோஷிகு ஒனேகாய்ஷிமாஸ்" (பக்கத்தில் குடிவந்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்) என்று சொல்லி, பெயரையும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு திரும்புங்கள். யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள், அது அவமதிப்பு இல்லை.

சோனைகாயைக் கண்டுபிடியுங்கள்

ஜப்பானில் தெருவுக்குத் தெரு, குடியிருப்புக்குக் குடியிருப்பு ஒரு சங்கம் உண்டு. சில ஊர்களில் சோனைகாய் என்பார்கள், சில ஊர்களில் ஜிச்சிகாய் என்பார்கள். நாடு முழுவதும் சுமார் 3 லட்சம் இருக்கின்றன. குப்பை வைக்கும் இடத்தைப் பராமரிப்பது, தெரு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது, வாய்க்கால் துப்புரவு, கோடைத் திருவிழா, பேரிடர் ஒத்திகை, டிசம்பர் கடைசியில் இரவு ரோந்து, முதியோரை விசாரிப்பது என்று நம் ஊரில் வார்டு உறுப்பினரும் கோயில் கமிட்டியும் குடியிருப்போர் சங்கமும் பிரித்துச் செய்யும் பலவற்றை இது ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

இதன் வரலாறு முழுக்க இனிமையானது என்று சொல்ல முடியாது. 1940-இல் போர்க்கால அரசு இந்த அமைப்புகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ரேஷன், போர் நிதி, அண்டை வீட்டாரைக் கண்காணிப்பது எல்லாம் இவற்றின் வழியாக நடந்தன. போருக்குப் பின் 1947-இல் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் தடை விதித்தது. தடை விலகியதும் அந்தந்த ஊர் மக்களே மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு இது அரசு அலுவலகம் அல்ல. சேருவதும் விலகுவதும் அவரவர் விருப்பம் என்பதை 2005-இல் உச்ச நீதிமன்றம் சைத்தாமா மாகாணக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் தெளிவாக்கியது. கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. ஆனாலும் சேருங்கள். மாதம் சில நூறு யென்தான் பெரும்பாலும் சந்தா. அந்தக் காசுக்கு உங்கள் பெயர் தெருவின் பட்டியலில் ஏறுகிறது.

எப்படிச் சேருவது? சில அடுக்குமாடிகளில் சந்தாவை வாடகையோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். ஆகவே முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அல்லது நிர்வாக நிறுவனத்திடம் கேளுங்கள். அதில் இல்லை என்றால் குப்பை வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலோ தெருமுனையிலோ இருக்கும் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், சங்கத்தின் பெயர் இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் "சோனைகாய் நி ஹாய்ரிதாய் தெஸ்" என்று சொன்னால் ஹன்சோ யார் என்று காட்டுவார்கள். பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பொறுப்பில் இருப்பவர்தான் ஹன்சோ. தயங்குவார்களோ என்று கவலைப்படாதீர்கள். பெரும்பாலான சங்கங்களில் நிர்வாகிகள் எழுபது வயதைத் தாண்டியவர்கள். இளம் குடும்பங்கள் சேருவதில்லை என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. தானாகக் கேட்டுக்கொண்டு வரும் ஒருவரை, எந்த நாட்டவராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்வது அபூர்வம்.

சேர்ந்தபின் ஒரு நாள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே கெட்டியான அட்டை, மேலே ஒரு கிளிப், அதில் நான்கைந்து தாள்கள். இதுதான் கைரான்பான். திருவிழா அறிவிப்பு, தொடக்கப்பள்ளியின் மாதச் செய்தி, எந்தப் பகுதியில் தண்ணீர்க் குழாய் வேலை நடக்கிறது, மோசடித் தொலைபேசி பற்றிக் காவல் நிலையத்தின் எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கும். முன்பக்கத்தில் வீட்டுப் பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் பெயருக்கு நேரே முத்திரையோ கையெழுத்தோ போட்டு, தேதி எழுதி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாது என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து மொழிபெயர்த்துக்கொண்டு மறுநாளே தள்ளிவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் இத்தனாம் தேதி வரை இருக்க மாட்டோம், எங்கள் வீட்டைத் தாண்டிக் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

கதவடியில் வைத்துவிட்டு வருவதும் உண்டு. நான் மணியை அழுத்திக் கையில் கொடுக்கச் சொல்வேன். "கைரான்பான் தெஸ்" என்று நீட்டும்போது வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை வரும், அடுத்த முறை இரண்டு வார்த்தை வரும். பேசுவதற்கு ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். சில இடங்களில் இப்போது கைப்பேசியில் லைன் என்ற செய்திச் செயலியின் குழுவுக்கு மாறிவிட்டார்கள். வசதிதான், ஆனால் அந்த இரண்டு வார்த்தை அதில் இல்லை.

துப்புரவு நாளுக்குப் போங்கள்

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று தடவை, ஞாயிறு காலை, தெருவே சேர்ந்து துப்புரவு செய்வார்கள். பூங்காவில் புல் வெட்டுவது, வாய்க்காலில் மண் அள்ளுவது, இலை பெருக்குவது. கைரான்பானிலோ பலகையிலோ தேதி வரும்.

அறிவித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். சரியாக 8 மணி என்றால் 8 மணிக்கு வேலை ஆரம்பித்திருக்கும். வெள்ளைப் பருத்திக் கையுறை நூறு யென் கடையில் கிடைக்கும். முழுக்கைச் சட்டை, தொப்பி, கழுத்தில் ஒரு துண்டு. அரிவாளும் குப்பைப் பையும் அவர்களே தருவார்கள். போனதும் "ஒஹாயோ கொசாய்மாஸ்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். "நானிகா தெத்சுதாய்மாஷோ கா" (ஏதாவது உதவட்டுமா) என்று கேட்டால் யாராவது ஒரு பெரியவர் கையைக் காட்டி ஓர் இடத்தை ஒதுக்குவார். சொன்னதைச் செய்யுங்கள். புல்லைக் கட்டும் விதம், பையை முடியும் விதம் எதற்கும் ஒரு முறை வைத்திருப்பார்கள். நமக்கு வேறு நல்ல முறை தெரிந்தாலும் முதல் வருடம் அவர்கள் முறைதான்.

முடிந்ததும் கிளம்பிவிடக் கூடாது. கருவிகளைக் கழுவி எண்ணி வைப்பது, பைகளை ஓரிடத்தில் அடுக்குவது வரை நிற்க வேண்டும். அப்புறம் ஆளுக்கொரு தேநீர் பாட்டில் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு நிழலில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இந்தியாவில் புல் இப்படித்தான் இருக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள், இந்தத் தெரு முப்பது வருடத்துக்கு முன் எப்படி இருந்தது என்று. பெரியவர்களுக்கு அதைச் சொல்வது பிடிக்கும். உழைத்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் "ஒட்சுகாரேசாமா தெஷ்தா" சொல்லி விடைபெறுங்கள். அடுத்த துப்புரவு நாளில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவராவது இருப்பார்.

பேரிடர் ஒத்திகை

செப்டம்பர் 1 ஜப்பானில் பேரிடர்த் தடுப்பு நாள். 1923-இல் அதே தேதியில்தான் காந்தோ பெரும் நிலநடுக்கம் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்தது. அந்த நாட்களில் கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி, ஊர்க்காவல் கும்பல்கள் கொரியர்களையும் சீனர்களையும் கொன்றன. இதைச் சொல்வதில் தயக்கம் இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். முகம் தெரியாத அந்நியனாக ஓர் ஊரில் இருப்பது ஆபத்துக் காலத்தில் எவ்வளவு பெரிய பலவீனம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

அதற்கு நேர்மாறான சான்று 1995 ஜனவரி 17. கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். அவாஜித் தீவின் ஹொகுதான் என்ற சிற்றூரில் யார் வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார்கள் என்பது வரை தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது, அதனால் எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அதே நிலநடுக்கத்தில் மொழி தெரியாத வெளிநாட்டவர் பலர் தண்ணீர் எங்கே கொடுக்கிறார்கள் என்பதுகூடத் தெரியாமல் தவித்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் ஹிரோசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் "யாசாஷீ நிஹொங்கோ", அதாவது எளிய ஜப்பானிய மொழி என்ற முறையை உருவாக்கினார்கள். இன்று நகராட்சி அறிவிப்புகளில் அதைப் பார்க்கலாம். உங்கள் ஜப்பானிய மொழி குறைவு என்றால் "யாசாஷீ நிஹொங்கோ தே ஒனேகாய்ஷிமாஸ்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

ஒத்திகையில் தண்ணீர் நிரப்பிய தீயணைப்பான் பயிற்சி, இதய மின்னதிர்ச்சிக் கருவி, நிலநடுக்கத்தை உணர்த்தும் வண்டி எல்லாம் இருக்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய அடுப்பில் சமைக்கும் பகுதியும் உண்டு. வெந்நீரில் 15 நிமிடம், தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினால் சாதமாகும் உலர் அரிசிப் பொட்டலத்தைத் தருவார்கள். கூடப் பெரும்பாலும் பன்றி இறைச்சி சூப். சாப்பிட மாட்டீர்கள் என்றாலும் வரிசைக்குப் பின்னால் நின்று பரிமாறுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பழகிய கைகளுக்கு அது கஷ்டமில்லை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அம்மாவுக்கு நடக்க முடியாது, இரவில் நான் வேலையில் இருப்பேன் என்ற விவரங்களை ஹன்சோவிடம் அங்கேயே சொல்லி வையுங்கள்.

விருப்பத்துக்கு ஒரு குழு

தெருச் சங்கம் அக்கம்பக்கத்துக்காக. மனதுக்கு வேறொன்று வேண்டும். அதற்குத்தான் கோஹோ இதழ். பின்பக்கங்களில் "உறுப்பினர் தேவை" என்ற பகுதியில் டேபிள் டென்னிஸ், கோரஸ், தூரிகை எழுத்து, மலையேற்றம், புகைப்படம், இகோ என்ற பலகை ஆட்டம் என்று சிறு சிறு விளம்பரங்கள் இருக்கும். இவை பெரும்பாலும் கோமின்கான் எனப்படும் மக்கள் மன்றங்களில் கூடுகின்றன. 1949-ஆம் ஆண்டின் சமூகக் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றவை இந்த மன்றங்கள். அறை வாடகை மிகக் குறைவு என்பதால் குழுவின் கட்டணமும் குறைவுதான்.

சேருவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது இங்கே சாதாரணம். "கெங்காகு ஷிதே மோ ஈ தெஸ் கா" என்று கேளுங்கள். பார்த்தபின் ஒத்துவரவில்லை என்றால் நன்றி சொல்லி விலகலாம், யாரும் மனத்தாங்கல் கொள்ள மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் மட்டும் ஒழுங்காகப் போக வேண்டும். திறமையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, வருகையைப் பார்க்கிறார்கள். வர முடியாத நாளில் முன்பே தகவல் சொல்வது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு குழுவில் அவ்வப்போது தலைகாட்டுவதைவிட, நடந்து போகும் தூரத்தில் வாரம் ஒருமுறை கூடும் ஒரே குழு போதும்.

மொழி இன்னும் வரவில்லை என்பவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, நகராட்சியோ சர்வதேச பரிமாற்றச் சங்கமோ நடத்தும் தன்னார்வ ஜப்பானிய வகுப்பு. இலவசம் அல்லது சொற்பக் கட்டணம். சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும். அவர்களுக்கு ஊரில் எல்லாரையும் தெரியும், உங்கள் விருப்பத்தைச் சொன்னால் சரியான குழுவுக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவார்கள். இங்கே அறிமுகத்துக்கு மதிப்பு அதிகம். இரண்டாவது, பேச்சே தேவையில்லாத ரேடியோ உடற்பயிற்சி. 1928-இல் தொடங்கிய இந்த ஒலிபரப்பு இன்றும் தினமும் காலை 6:30-க்கு நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலியில் வருகிறது. பல பூங்காக்களில் வருடம் முழுவதும் பெரியவர்கள் கூடி, பியானோ இசைக்குக் கையை வீசிக் குனிந்து நிமிர்ந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கலைகிறார்கள். போய்ப் பின்வரிசையில் நின்றால் போதும்.

மண்ணில் கை வைக்கப் பிடிக்கும் என்றால் நகராட்சி வாடகைக்கு விடும் சிறு தோட்டத் துண்டுக்கு விண்ணப்பியுங்கள். வெண்டையும் பாகலும் ஜப்பானிய கோடையில் நன்றாகவே வரும். பக்கத்துத் துண்டுக்காரர் வெள்ளரி கொடுப்பார், நீங்கள் வெண்டை கொடுப்பீர்கள். எனக்குத் தெரிந்து ஜப்பானில் இதைவிடச் சுலபமாக நட்பு முளைக்கும் இடம் இல்லை.

திருவிழா

கோடையில் போன் ஒதோரி. நடுவில் மரமேடை, மேலே மேளம், சுற்றிலும் வட்டமாக நடனம். யார் வேண்டுமானாலும் வட்டத்துக்குள் போகலாம். உள்வட்டத்தில் யுகாதா என்ற கோடை உடை அணிந்த அம்மாமார்கள் எல்லா அசைவும் தெரிந்து ஆடுவார்கள். அவர்களில் ஒருவரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு வெளிவட்டத்தில் ஆடுங்கள், நான்கு சுற்றில் கை வந்துவிடும். நிலக்கரி தோண்டி, தோளில் போட்டு, வண்டியைத் தள்ளும் அசைவு கொண்ட பாட்டு எங்கேயும் போடுவார்கள், அதிலிருந்து தொடங்கலாம். கும்மி பார்த்து வளர்ந்தவர்களுக்கு வட்டத்தின் ஓட்டம் புதிதல்ல.

ஆனால் ஆடுவதைவிட முக்கியம் முந்தின நாள் கூடாரம் கட்டப் போவதும், மறுநாள் காலை பிரிக்கப் போவதும். திருவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். பிரிக்கும் நாளில் பத்துப் பேர்தான் நிற்பார்கள். அந்தப் பத்தில் ஒருவராக இருந்தால் அடுத்த வருடம் யாகிசோபா (வறுத்த நூடுல்ஸ்) கடைக்கு யாரை நிறுத்துவது என்ற பேச்சில் உங்கள் பெயர் தானாக வரும்.

மிகோஷி எனப்படும் பல்லக்கைத் தூக்குவது இன்னொரு படி. தோக்கியோ அசகுசாவில் மே மாதம் நடக்கும் சான்ஜா என்ற பெரிய திருவிழாவில் 44 தெருச் சங்கங்கள் பங்கேற்கின்றன. அங்கே சங்கத்தின் பெயர் பொறித்த ஹன்தென் மேலங்கி இல்லாமல் பல்லக்கில் தோள் கொடுக்க முடியாது. சிறு ஊர்களிலோ தூக்க ஆள் கிடைக்காமல் திணறுகிறார்கள். சங்கத்தில் கேட்டால் ஹன்தென் இரவல் தருவார்கள். உங்கள் உயரத்துக்கு ஒத்தவர்களோடு நில்லுங்கள், தோளுக்குக் கீழே துண்டு வையுங்கள், அடி வைப்பதை முன்னால் இருப்பவரோடு சேர்த்து வையுங்கள். மாடியில் நின்று பல்லக்கைக் கீழ்நோக்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. ஹன்தெனை எப்படித் திருப்பிக் கொடுக்க வேண்டும், துவைத்தா அப்படியேவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல்லக்கில் வருவது ஷின்தோ என்ற ஜப்பானிய சமயத்தின் கோயில் சாமி. உங்கள் சமயத்துக்கு அது ஒத்துவராது என்றால் வழியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் கொடுப்பதும் அதே அளவு தேவையான வேலைகள். கோயில் நன்கொடை வேறு, சங்கச் சந்தா வேறு என்று பிரித்துக் கேட்பதும் உங்கள் உரிமை.

சாப்பாடும் குடியும்

திருவிழா முடிந்தால் விருந்து, வருடம் முடிந்தால் விருந்து, வருடம் பிறந்தால் விருந்து. நம்மில் சைவர்களுக்கும் மாடு, பன்றி சாப்பிடாதவர்களுக்கும் இதுதான் பெரிய தயக்கம். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஏற்பாட்டாளரிடம் ஒரு வாரம் முன்பே "நிகு தோ சகானா வா தபேமாசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன்) என்று சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தபின் சொன்னால் அவருக்குத்தான் சங்கடம். சைவம் என்று அவர்கள் நினைக்கும் பலவற்றில் தாஷி எனப்படும் மீன் சாறு இருக்கும். அதுவும் கூடாது என்றால் "தாஷியும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். எடமாமே எனப்படும் அவித்த பச்சை சோயா, வறுத்த உருளைக்கிழங்கு, எலுமிச்சை பிழிந்த சோற்றோடு ஒரு மாலையை ஓட்டிவிடலாம். மது வேண்டாம் என்றால் ஊலாங் தேநீரைத் தூக்கி "கம்பாய்" சொல்லலாம், யாராவது வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டே மறுக்கலாம். செலவைச் சமமாகப் பிரிப்பார்கள். சில்லறையோடு போங்கள்.

பிள்ளைகள் இருந்தால்

வேலை பாதி குறைந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் மஞ்சள் கொடி பிடித்து நிற்கும் முறை, பெற்றோர் சங்கம், தெருவின் பிள்ளைகள் குழு, கோடை விடுமுறையில் அட்டையில் முத்திரை வாங்கும் ரேடியோ பயிற்சி என்று கதவுகள் தானாகத் திறக்கும். கொடி முறையை மறக்காதீர்கள். அது ஒன்றை விட்டால் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர் இருவரில் ஒருவராவது முகத்தைக் காட்டுங்கள், அப்பாவும் போகலாம்.

மனம் நோகும் நாட்கள்

வரும். வருடங்கள் கழித்தும் "சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியுமா" என்பார்கள். ஜப்பானிய மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். நான் சேரக் கேட்ட ஒரு குழுவில் "மொழி தெரியாதவர் என்றால் அவசரத்தில் சிரமம்" என்று மரியாதையாகவே மறுத்தார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. வேறு குழுவுக்குப் போனேன். ஒரு குழுவின் மறுப்பை ஊரின் மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் நம் நடத்தைதான் காரணம் என்று நம்மையே குடைந்துகொள்ளவும் வேண்டாம். பாகுபாடு பாகுபாடுதான். வீடு, வேலை விஷயத்தில் நடந்தால் நகராட்சியின் வெளிநாட்டவர் ஆலோசனை மையத்தில் சொல்லுங்கள்.

சேர்ந்து வாழ்வது தானாக நடந்துவிடவில்லை என்பதற்கு இரண்டு குடியிருப்புகளைச் சொல்லலாம். 1990-இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் அய்ச்சி மாகாணம் தொயோத்தா நகரின் ஹோமி குடியிருப்பில் பிரேசிலிலிருந்து வந்த ஜப்பானிய வம்சாவளியினர் பெருகினார்கள். குப்பை, சத்தம், வண்டி நிறுத்துவது என்று கசப்பு வளர்ந்து 1999-இல் மோதல் வரை போனது. அந்தப் புண் ஆறப் பல வருடம் பிடித்தது. சைத்தாமாவின் கவாகுச்சியில் ஷிபசோனோ குடியிருப்பில் வசிப்பவர்களில் பாதிக்கும் மேல் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனர். அங்கே பொது மேசையில் சீனர்களைத் திட்டி யாரோ கிறுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த மாணவர்கள் குடியிருப்போரைக் கூட்டி, எல்லாருடைய உள்ளங்கையிலும் சாயம் தடவி, அந்தக் கிறுக்கலின் மேலேயே கைத்தடங்களைப் பதிக்க வைத்தார்கள். அங்கேயும் தெருச் சங்கம்தான் இடம் கொடுத்தது.

முறை வரும்போது

ஒரு நாள் ஹன்சோ பொறுப்பு சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரும். பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி ஒரு வருடம். "வெளிநாட்டவர், கஷ்டம் என்றால் விட்டுவிடலாம்" என்று அவர்களே விலக்கு கொடுக்கப் பார்ப்பார்கள், நல்லெண்ணத்தில்தான். அந்த விலக்கை வாங்கிக்கொள்ளாதீர்கள். வேலைகள் பெரிதல்ல. கைரான்பானை முதலில் அனுப்பிவைப்பது, சந்தா வசூலித்து ரசீது கொடுப்பது, மாதக் கூட்டத்துக்குப் போவது, திருவிழாவுக்கு ஆள் சேர்ப்பது. எது முடியாதோ அதை மட்டும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "தொலைபேசியில் பேசுவது சிரமம், லைனில் எழுதினால் செய்துவிடுவேன்" என்றால் ஏற்றுக்கொள்வார்கள். போன வருடத்து ஹன்சோவிடம் ஒரு கோப்பு இருக்கும். அதை வாங்கும்போதே ஒவ்வொரு மாதமும் என்ன செய்தார் என்று உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க வாங்கும் ரசீதுகளை அதிலேயே கோத்து வையுங்கள். மார்ச்சில் கணக்கை முடித்து அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது, மாத வேலைகளை எளிய ஜப்பானிய மொழியில் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால், அடுத்து வரப்போகும் வெளிநாட்டுக் குடும்பத்துக்கும் அது உதவும்.